லேசர் லெவல் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரவேலைக் கருவிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த பக்கத்தில் சுவரில் ஒளிக்கோடு வீசி மட்டமும் தூக்கும் (செங்குத்தும்) காட்டும் லேசர் லெவலுக்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். பச்சை ஒளியா, கோடுகள் அதிகமா என்று பார்த்து வாங்கவும் என்பது அதன் சாரம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதும் இதுவேதான். தச்சருக்கும் சட்டம் அடிப்பவருக்கும் வேண்டிய தகவலோ அதே பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் கிடக்கும்: எத்தனை மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் பிழை. கடையில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அந்த எண்ணை எப்படிப் படிப்பது, அது மெய்தானா என்று வாங்கிய அன்றே எப்படிச் சோதிப்பது, எந்த வேலைக்கு எந்த வகை போதும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் அந்தக் கோட்டுக் கணக்கு. "12 கோடு" என்று விற்கும் கருவியில் பன்னிரண்டு தனித்தனிக் கோடுகள் கிடையாது. மூன்று முழு வட்டங்கள் இருக்கும்: ஒன்று கிடைமட்டம், மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிற்கும் தூக்குத் தளங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் நான்காக எண்ணிப் பன்னிரண்டு ஆக்கிவிடுகிறார்கள். தரையை ஒட்டி இன்னொரு கிடைமட்ட வட்டம் சேர்த்தால் 16. தரை ஓடு பதிப்பவருக்கு அந்த நான்காவது வட்டம் பயன்படும். தச்சருக்கு அது பெரும்பாலும் பேட்டரியைக் குடிக்கும் விளக்குதான்.

இனி பிழை. "10 மீட்டரில் ±3 மி.மீ." என்றால் மீட்டருக்கு 0.3 மி.மீ. ஒரு கருவியில் 5 மீட்டருக்கு, இன்னொன்றில் 10 மீட்டருக்கு, வேறொன்றில் 30 மீட்டருக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் மீட்டருக்கு இவ்வளவு என்று மாற்றிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். மீட்டருக்கு 0.3 என்பது 4 மீட்டர் சமையலறைச் சுவரில் 1.2 மி.மீ. பென்சில் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தாலே அவ்வளவு தடிமன் வந்துவிடும். அலமாரி மாட்ட அது ஒரு பொருட்டே இல்லை. 2.7 மீட்டர் உயரத் தடுப்புச் சட்டத்துக்குத் தூக்கில் 0.8 மி.மீ.தான் வரும். அதே கருவியை 40 மீட்டர் கூடத்தின் நடுவில் வைத்தால் கதை வேறு. ஒரு கோடியில் 6 மி.மீ. ஏறி, எதிர்க்கோடியில் 6 மி.மீ. இறங்கினாலும் அது அச்சிட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் இரு சுவர்க் குறிகளுக்கும் 12 மி.மீ. வித்தியாசம். கூரைச் சட்டத்தின் நீளக் கோடு அங்கே கண்ணுக்கே தெரியுமளவு சாயும்.

கிடைமட்டக் கோடு, தூக்குக் கோடு, தரைக்கு விழும் புள்ளி ஆகிய மூன்றுக்கும் பிழை ஒன்றாகவே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கீழ்ப்புள்ளிக்கு மட்டும் இரு மடங்குக்கு மேல் பிழை அச்சிட்டிருக்கும் கருவிகள் உண்டு. அந்தப் புள்ளியை நம்பி மையம் பிடிக்கிற வேலையாக இருந்தால் கையேட்டைப் புரட்டி அந்த வரியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"30 மீட்டர் எட்டும்" என்ற வாசகம் துல்லியத்தைப் பற்றியதல்ல. மங்கலான அறைக்குள் கோடு கண்ணுக்குத் தெரியும் தூரம் அது, அவ்வளவுதான். நண்பகல் வெயிலில் அதே கோடு சில மீட்டருக்குள் காணாமல் போகும்.

நிறத்துக்கு வருவோம். மனிதக் கண்ணுக்குப் பகல் ஒளியில் மிக அதிகமாகப் படுவது 555 நானோமீட்டர் அருகே உள்ள மஞ்சள் கலந்த பச்சை. இன்றைய பச்சைக் கருவிகளின் டயோடு 520 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். சிவப்பு 635 அல்லது 650. ஒரே திறனுள்ள ஒளிதான் என்றாலும் 635 சிவப்பைவிடப் பச்சை மூன்று மடங்குக்கு மேலும், 650 சிவப்பைவிட ஆறு மடங்குக்கு மேலும் பளிச்சென்று படும். ஆகவே வெளிச்சமான அறையில், கரும்பழுப்பு மரத்தின் மேல், எட்டுப் பத்து மீட்டருக்கு அப்பால் கோட்டைக் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டியவருக்குப் பச்சைதான் வசதி. பேட்டரி சீக்கிரம் தீரும், விலையும் கூடும். அறை அறையாக, 5 மீட்டருக்குள் அலமாரியும் நிலையும் மாட்டுபவருக்குச் சிவப்பே தாராளம். பச்சை என்பதால் துல்லியம் கூடிவிடாது; இதைக் கடைக்காரர்களே மாற்றிச் சொல்கிறார்கள். பழைய பச்சைக் கருவிகளில் 532 நானோமீட்டர் ஒளி வரும். அகச்சிவப்பை ஒரு படிகத்தில் செலுத்தி, அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி அதை எடுப்பார்கள். குளிரிலும் வெப்பத்திலும் அதன் பிரகாசம் தள்ளாடும். இரண்டாம் கையாக வாங்குபவர் அதைக் கவனித்துக்கொள்ளட்டும்.

சில பெட்டிகளில் வரும் சிவப்புக் கண்ணாடி கண்ணுக்குப் பாதுகாப்பு என்றே பலர் அணிகிறார்கள். அது பாதுகாப்பு இல்லை. சிவப்புக் கோட்டைச் சூழ்ந்துள்ள வெளிச்சத்திலிருந்து எடுத்துக்காட்டும் வடிகட்டி மட்டுமே. பாதுகாப்பு கருவியின் வகுப்பில் இருக்கிறது. வகுப்பு 2 என்று முத்திரை உள்ள கருவியின் திறன் 1 மில்லிவாட்டைத் தாண்டாது. கூசியதும் கண் கால் நொடிக்குள் மூடிக்கொள்வதால் தற்செயலாக மேலே பட்டாலும் தீங்கு வராது என்ற கணக்கில் வகுத்தது அது. வேண்டுமென்றே உற்றுப் பார்ப்பதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 3ஆர் வகுப்பில் 5 மில்லிவாட் வரை போகும். வகுப்பே அச்சிடாத கருவி கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒளிர்ந்தால் அதை மெச்ச வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எந்த வேலைக்கு எது என்பதில்தான் அதிகம் பணம் வீணாகிறது. அலமாரி, அடுக்கு, கதவு நிலை, சன்னல் சட்டம் என்று இருப்பவருக்கு ஒரு கிடைமட்டமும் ஒரு தூக்கும் குறுக்கே வெட்டும் சாதாரணக் குறுக்குக் கோட்டுக் கருவி போதும். மேலும் கீழும் புள்ளி விழுந்தால் நல்லது. தடுப்புச் சுவர்ச் சட்டம், ஃபால்ஸ் சீலிங், அறை முழுக்க மூலை பிரிக்கும் வேலை என்றால் மூன்று வட்டக் கருவி நேரத்தை மிச்சப்படுத்தும். தூக்குத் தளம் தரை, எதிர்ச்சுவர், கூரை, முதுகுச் சுவர் என்று முழுக்கச் சுற்றி வருவதால் அடிச்சட்டத்தையும் மேல்சட்டத்தையும் ஒரே மூச்சில் குறித்துவிடலாம். வெளியில் தளச் சட்டம், தூண்களின் உயரம், நீண்ட உத்திரம் என்று போனால் கோட்டுக் கருவியை விட்டுவிட்டு, லேசர் ஒளி பட்டதும் கூவும் டிடெக்டருடன் கூடிய சுழலும் லேசருக்குப் போக வேண்டும். அந்த வகையில் மீட்டருக்கு 0.1 மி.மீ. என்பது வழக்கமான தரம். 30 மீட்டரில் 3 மி.மீ. சுழலும் லேசரை வாங்கி வீட்டுக்குள் அலமாரி மாட்டுவதும் சிரமமே. பெரிய உடம்பு, சுவரை ஒட்டி வைக்க முடியாது.

டிடெக்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. கோட்டுக் கருவியில் "பல்ஸ்" முறை இருந்தால்தான் டிடெக்டர் அதைப் பிடிக்கும். அந்த முறையில் ஒளி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு எரிகிறது. அந்தத் துடிப்பை வைத்துத்தான் டிடெக்டர் லேசரை வெயிலிலிருந்து பிரித்தறிகிறது. பல்ஸ் இல்லாத கருவிக்கு எந்த டிடெக்டர் வாங்கினாலும் ஊமைதான். சிவப்புக்கு மட்டும் என்று செய்த டிடெக்டர் பச்சையைப் பிடிக்காது. கண்ணாடிச் சன்னலில் தெறித்த ஒளிக்கும் அது கூவும். குறிக்கும் முன் ஒரு முறை கையை இடையில் வைத்து, கூவல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கருவியின் உடம்பில் கவனிக்க வேண்டியவை சில. திருகுப் புரி கால் அங்குலம் என்றால் கேமரா ட்ரைபாடில் ஏறும். ஐந்தெட்டு அங்குலம் என்றால் நில அளவை ட்ரைபாட் வேண்டும். இரண்டும் இருந்தால் சிறப்பு. நுண் திருகுடன் கூடிய தாங்கி இல்லாத கருவியை வாங்கவே வேண்டாம் என்பேன். கோட்டை ஒரு குறியின் மேல் நிறுத்துவது அரை மில்லிமீட்டர் விவகாரம். கையால் தட்டித் தட்டி நகர்த்தினால் கால் மணி நேரம் போவதோடு, கோட்டை மட்டமாக்க உள்ளே தொங்கும் ஊசலும் ஒவ்வொரு முறை ஆடி அடங்க வேண்டும். தூசுக்கும் நீர்த்தெறிப்புக்கும் ஐபி 54 என்பது மரத்தூள் பறக்கும் இடத்துக்குக் குறைந்தபட்சம். பொத்தான்களில் ஒவ்வொரு வட்டத்தையும் தனித்தனியே அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்றையும் சேர்த்தே எரிக்கும் கருவியில் மதியத்துக்கு முன்பே பேட்டரி படுத்துவிடும்.

இனி இந்தக் கடிதத்தின் முக்கியப் பகுதி. உள்ளே ஓர் ஊசல் தொங்குகிறது. கருவியை 4 டிகிரி வரை, அதாவது மீட்டருக்கு சுமார் 70 மி.மீ. சாய்வு வரை, எப்படி வைத்தாலும் ஊசல் தன் எடையில் நேராகும். காந்தம் அதன் ஆட்டத்தை அடக்கும். இந்த ஊசலின் தாங்கியில் தூசு படிந்தாலும், ஒரு முறை கீழே விழுந்து லென்ஸ் மயிரிழை நகர்ந்தாலும் கோடு சாயும். சாய்ந்த கோடும் முன்போலவே நேராக, பளிச்சென்று, அழகாகவே இருக்கும். ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நிற்காவிட்டால் கண்ணில் படும். லேசரில் அப்படி எதுவும் படாது. கட்டையைப் புரட்டி வைத்துப் பார்த்து ரசமட்டத்தைச் சோதிப்பது தச்சர்களுக்குப் பழக்கம். லேசருக்கும் அதே வேலைதான், முறைதான் வேறு.

இரண்டு சுவர்ச் சோதனை. எதிரெதிரே 5 அல்லது 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர் வேண்டும். 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கருவியை ட்ரைபாடில் ஏற்றி இடச் சுவரை ஒட்டினாற்போல் வையுங்கள். முகம் இடச் சுவரைப் பார்க்க, குறுக்குக் கோடு வெட்டும் இடத்தில் ஒரு குறி. கருவியை 180 டிகிரி திருப்பி, 6 மீட்டர் தள்ளி வலச் சுவரில் ஒரு குறி. இப்போது ட்ரைபாடை அப்படியே வலச் சுவரை ஒட்டிக் கொண்டுபோங்கள். உயரத்தை ஏற்றியோ இறக்கியோ, கோடு வலச் சுவரின் குறியில் சரியாக விழும்படி நுண் திருகால் நிறுத்துங்கள். பிறகு உயரத்தைத் தொடாமல் முகத்தை இடச் சுவருக்குத் திருப்புங்கள். அங்கே கோடு விழும் இடத்தில் இரண்டாவது குறி. இடச் சுவரின் இரு குறிகளுக்கும் உள்ள இடைவெளிதான் விடை. பிழை போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று இரட்டிப்பாகிச் சேர்வதால், அந்த இடைவெளியை 6 ஆல் அல்ல, 12 ஆல் வகுக்க வேண்டும். 4 மி.மீ. வந்தால் மீட்டருக்கு 0.33, மீட்டருக்கு 0.3 என்று விற்ற கருவி சற்றே தேறவில்லை. 3.6 வரை அனுமதி.

இதில் தவறு நேர்வது பெரும்பாலும் குறி போடுவதில். 6 மீட்டரில் கோட்டின் தடிமன் 2 மி.மீ. அளவுக்கு விரிந்திருக்கும், ஓரங்களில் ஒளி மங்கிப் பரவும். ஒரு சுவரில் மேல் ஓரத்திலும் இன்னொன்றில் நடுவிலும் குறித்தால் கருவியின் பிழையோடு நம் பிழையும் சேர்ந்துகொள்ளும். சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, கூர்மையான பென்சிலால் கோட்டின் இரு ஓரத்தையும் குறித்து, நடுவை எடுப்பதே நம்பகமானது. திருப்பிய பிறகு கோடு அடங்க ஐந்து நொடி பொறுத்துக் குறியுங்கள்.

வட்டக் கருவி என்றால் முகப்பை மட்டும் சோதித்து நிறுத்தக் கூடாது. கூம்பு வடிவக் கண்ணாடியில் ஒளி பட்டுத்தான் முழு வட்டம் உண்டாகிறது. அந்தக் கூம்பு சற்றே பிசகினால் வட்டம் தட்டையாக இராமல் அலையும். முன்பக்கம் சரியாக இருந்து பக்கவாட்டில் ஏறி இறங்கும். ஆகவே நான்கு திசையையும் பாருங்கள். சுருக்கமான வழி: 5 மீட்டர் தள்ளிய சுவரில் ஒரு குறி போட்டு, கருவியை இருந்த இடத்திலேயே 90, 180, 270 டிகிரி திருப்பி, ஒவ்வொரு முறையும் கோடு எந்த உயரத்தில் அந்தக் குறியைக் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். மீட்டருக்கு 0.3 என்றால் மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் 3 மி.மீ. வரை பொறுக்கலாம்.

ஊசல் ஒட்டுகிறதா என்ற சோதனை ஒரு நிமிட வேலை, கடையிலேயே செய்துவிடலாம். கோட்டைத் தூரத்துச் சுவரில் குறித்துவிட்டு, கருவியை இடப்பக்கம் சாய்த்து மெதுவாகப் பழையபடி வையுங்கள். குறிக்கே திரும்ப வேண்டும். வலப்பக்கம், முன்பக்கம், பின்பக்கமும் அப்படியே. சாய்த்த திசைக்கேற்ப வெவ்வேறு இடத்தில் நின்றால் தாங்கியில் உராய்வு இருக்கிறது. அந்தக் கருவியைத் திருத்தி வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம். நிலையான சாய்வை ஒருவழியாகச் சமாளிக்கலாம், நேரத்துக்கு நேரம் மாறும் சாய்வை என்ன செய்தும் சமாளிக்க முடியாது.

தூக்குக் கோட்டுக்குப் பழைய தூக்குக்குண்டே நீதிபதி. உயரமான இடத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டு, குண்டை ஒரு வாளித் தண்ணீரில் ஆழ்த்தினால் ஆட்டம் அடங்கும். நூலின் மேல் கோட்டைப் போட்டு மேலும் கீழும் ஒப்பிடுங்கள். 3 மீட்டருக்கு 0.9 மி.மீ.க்கு மேல் விலகினால் கருவி தவறு. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யவும்.

மூலை சரியா என்பதற்கு எல்லோரும் 3-4-5 சொல்வார்கள்: பக்கங்கள் 3, 4 என்றால் மூலைவிட்டம் 5 வந்தால் செங்கோணம். ஆனால் சிறிய முக்கோணத்தில் டேப்பின் பிழை லேசரின் பிழையை விழுங்கிவிடும். 3 மீட்டர், 4 மீட்டர் எடுத்து, மூலைவிட்டத்தில் 5 மீட்டருக்கு 1 மி.மீ. கூடவோ குறையவோ படித்தால் அது கோணத்தில் மீட்டருக்கு 0.4 மி.மீ. விலகலுக்குச் சமம். அதாவது கருவி சரியாக இருந்தும் நம் டேப் அதைக் குற்றவாளி ஆக்கிவிடும். இடம் இருந்தால் 6-8-10 எடுங்கள். அதே 1 மி.மீ. அங்கே மீட்டருக்கு 0.2 ஆகக் குறைகிறது. டேப்பின் கொக்கி ஆடுவதால் 100 மி.மீ. குறியிலிருந்து அளந்து பின்னர் கழிப்பது இன்னும் நல்லது.

பிழையுள்ள கருவி கையில் இருந்து, வேலை இன்றே முடிய வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. கருவியை இரு சுவருக்கும் சரி பாதியில் வைத்து, ஒவ்வொரு சுவருக்கும் அதன் முகத்தையே திருப்பிக் குறியுங்கள். சாய்வு எவ்வளவாக இருந்தாலும் தூரம் சமம் என்பதால் இரு சுவரிலும் சமமாகவே ஏறும் அல்லது இறங்கும். இரு குறிகளும் ஒன்றுக்கொன்று மட்டமாகவே இருக்கும். நில அளவையில் லெவல் கருவியை நடுவில் வைப்பதன் காரணமும் இதுதான். வட்டக் கோட்டைத் திருப்பாமல் அப்படியே பயன்படுத்தினால் இந்தச் சலுகை கிடையாது. ரப்பர் மூடிக்கு அடியில் உள்ள திருகைத் திருப்பித் தானே சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள், ஒரு திசையைச் சரிசெய்தால் மற்றது நகரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பழுதுபார்க்குமிடத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது.

சட்டம் அடிக்கும் இடத்தில் லேசரை எப்படி வைப்பது என்பதிலும் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. அடிச்சட்டத்தின் ஓரத்திலேயே தூக்குத் தளத்தை நிறுத்துகிறார்கள். முதல் ஸ்டட் (அடிச்சட்டத்துக்கும் மேல்சட்டத்துக்கும் இடையே நிற்கும் செங்குத்துக் கட்டை) 2 மி.மீ. வெளியே பிதுங்கியிருந்தால் போதும், அது கோட்டை மறைத்து, அதற்கு அப்பால் உள்ள எல்லாம் இருட்டு. ஓரத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி, அதற்கு இணையாகத் தளத்தை நிறுத்துங்கள். ஒரு பிளைவுட் துண்டில் 100 மி.மீ.க்கு ஒரு கோடு கீறி, அதையே அளவுக் கட்டையாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டட்டின் அடி, நடு, தலை என்று மூன்று இடத்தில் ஒட்டிப் பாருங்கள். கோடு கீறலில் விழுந்தால் சரி. அடியும் தலையும் சரியாக இருந்து நடுவில் மட்டும் விலகினால், தூக்கு தவறவில்லை, மரம்தான் வில்லாக வளைந்திருக்கிறது. ரசமட்டக் கட்டை அந்த வளைவின் மேல் அமர்ந்து தப்பான தூக்கைக் காட்டும், 100 மி.மீ. தள்ளி நிற்கும் கோடு அப்படி ஏமாறாது. வளைந்த முதுகுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி ஸ்டட்களை நிறுத்தினால் பலகை அடித்த பின் சுவரில் அலை தெரியாது.

ஸ்டட் இடைவெளியை லேசரால் குறிக்க முயல்வது வீண் வேலை. அடிச்சட்டத்தையும் மேல்சட்டத்தையும் தரையில் பக்கத்தில் பக்கமாகக் கிடத்தி, ஒரே டேப்பில், ஒரே முனையிலிருந்து, இரண்டிலும் சேர்த்துக் கோடிடுவதே சரி. 1200 மி.மீ. அகலப் பலகை என்றால் 400 அல்லது 600 மையத்துக்கு மையம். 1220 மி.மீ. பலகைக்கு 400 வைத்தால், முனை ஸ்டட்டையும் சேர்த்து நான்காவது ஸ்டட்டின் மையம் 1200இல் நின்றுவிடும், பலகை விளிம்பு 20 மி.மீ. தாண்டிப் போய் ஆணி பிடிக்க மரம் இராது. அதற்கு 406 வைக்க வேண்டும். லேசர் இங்கே செய்ய வேண்டியது ஒன்றே: குறித்து முடித்த மேல்சட்டத்தை அடிச்சட்டத்துக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்துவது.

அலமாரிக்கு வந்தால் கிடைமட்டக் கோட்டை அலமாரியின் உயரத்திலேயே நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. வசதியான ஏதோ ஓர் உயரத்தில் நிறுத்தி, சுவரோரம் அரை மீட்டருக்கு ஒரு முறை கோட்டிலிருந்து தரை வரை அளந்துகொண்டே போங்கள். 982, 987, 994, 979 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய எண் 979. அங்கேதான் தரை மேடு. அலமாரிப் பெட்டியின் உயரம் 870 என்றால் 979இலிருந்து 870 போக 109. லேசர் கோட்டுக்கு 109 மி.மீ. கீழே சுவர் நெடுகக் கோடு போட்டால் அதுதான் பெட்டிகளின் தலைமட்டம். 994 வந்த இடத்தில் அடியில் 15 மி.மீ. சக்கை வைக்க வேண்டும் என்பதும் அதே கணக்கில் வந்துவிடுகிறது. பள்ளத்திலிருந்து தொடங்கியவர் மேட்டுக்கு வந்ததும் பெட்டியின் காலை அறுக்க வேண்டியிருக்கும்.

கதவு நிலையில் தூக்கு மட்டும் பார்த்தால் போதாது. முன்னிருந்து பார்க்க இரண்டு கால்களும் தூக்காக இருந்தும், ஒன்று முன்னும் மற்றது பின்னும் சாய்ந்து, ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு நிற்கலாம். கதவு மூடும்போது ஒரு மூலை முட்டி இன்னொரு மூலை வாய்பிளப்பது இதனால்தான். சுவருக்கு இணையாக, நிலைக்குச் சற்று முன்னே தூக்குத் தளத்தை ஓடவிட்டு, நிலையின் நான்கு மூலைகளுக்கும் அந்தத் தளத்திலிருந்து உள்ள தூரத்தை அளவுக் கட்டையால் பாருங்கள். நான்கும் ஒன்றாக இருக்கும் வரை, நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டையான ஹோல்டுபாஸ்ட்டை இறுக்க வேண்டாம்.

பூட்டு முறை பற்றி ஒரு சொல். படிக்கட்டின் கைப்பிடிக்கும் சரிவுக்கும் ஊசலைப் பூட்டிவிட்டுக் கோட்டைச் சாய்த்துப் போடலாம். அந்த முறையில் கருவி எவ்வளவு சாய்ந்தாலும் எச்சரிக்கை ஒலி வராது. சில கருவிகளில் கோடு அவ்வப்போது ஒரு முறை சிமிட்டும், அவ்வளவுதான். பூட்டை எடுக்க மறந்து அடுத்த வேலைக்குப் போனால் மட்டம் என்று நம்பிச் சாய்வைக் குறித்துவிடுவோம். தூக்கிச் செல்லும்போது மட்டும் பூட்டு கட்டாயம். திறந்த ஊசலோடு வண்டியில் குலுங்கும் கருவிதான் விரைவில் சாயும்.

வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்ததும் குறிக்கத் தொடங்காமல், அறையின் வெப்பத்துக்கு வரக் கால் மணி நேரம் விடுங்கள். லென்ஸ் சன்னலில் மரத்தூள் ஒட்டினால் கோட்டில் இடைவெளியோ மங்கலோ விழும். சட்டைத் துணியால் தேய்க்காமல், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தொடுங்கள். அல்கலைன் பேட்டரி போடும் கருவி என்றால் வேலையில்லாத நாட்களில் கழற்றி வைக்கவும். கசிந்தால் முனைகளைத் தின்றுவிடும். பிடிமானத்தில் காந்தம் உள்ள கருவியை இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மார்பருகே கொண்டுபோகக் கூடாது.

கடைசியாக, சோதனையை எப்போது செய்வது? வாங்கிய அன்று, கீழே விழுந்த அன்று, இரவல் கொடுத்துத் திரும்பிய அன்று, பெரிய வேலை தொடங்கும் நாள் காலையில். முடிந்ததும் தேதியையும் மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் வந்தது என்பதையும் ஒரு காகித நாடாவில் எழுதிப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிவிடுங்கள். 0.1, 0.1, 0.15 என்று போய்க்கொண்டிருந்த எண் திடீரென 0.4 ஆனால், பெட்டியைத் திறந்த கணமே தெரிந்துவிடும்.

கருவிப் பக்கத்தை மீண்டும் வெளியிடும்போது, அதில் கடைப் பெட்டியின் படம் இருந்த இடத்தில் இரண்டு சுவர்ச் சோதனையின் கோட்டுப்படம் ஒன்றைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரவேலை வாசகர் ஒருவர்